சுற்றி வைத்த நூல்

திருச்சி பொன்மலைச் சந்தை கூடுகிற ஞாயிற்றுக்கிழமை. கோழிக்கடையில் வெட்டுமரத்து ஓரமாக வழியும் ரத்தத்தில் ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடிச் சில்லில் மெல்லப் பரப்பி, காயவிட்டு, சாயம் ஏற்றி, கல்லூரி ஆய்வகத்தில் இருக்கும் சாதாரண நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கலாம். நீள்வட்டமாகச் சிவப்பணுக்கள் நெருங்கிக் கிடக்கும். ஒவ்வொன்றின் நடுவிலும் எள்ளைப் போல ஒரு கருப்பு. அதுதான் உட்கரு. மனிதச் சிவப்பணு முதிரும்போது தன் உட்கருவை வெளியே தள்ளிவிடும். கோழி அதைக் கடைசிவரை உள்ளேயே வைத்திருக்கும்.

அந்த எள்ளுக்குள் ஒரு முழுக் கோழியே இருக்கிறது. அலகு, இறகு, கொண்டை, முட்டையின் வெள்ளைக்கரு என்று எல்லாவற்றையும் உண்டாக்கத் தேவையான மரபணுக்கள் ஒன்றுவிடாமல் அங்கே இருக்கின்றன. ஆனாலும் முதிர்ந்த சிவப்பணுவில் அவற்றில் ஏறக்குறைய எதுவும் படிக்கப்படுவதில்லை. எழுத்து எங்கும் அழியவில்லை. எழுத்தைத் தாங்கிய இழை, உள்ளே எதுவும் நுழைய முடியாதபடி இறுகிக் கிடக்கிறது. சாயம் அவ்வளவு கருப்பாக ஏறுவதும் அந்த இறுக்கத்தால்தான்.

தமிழில் இழைக்கும் நூல் என்றுதான் பெயர், புத்தகத்துக்கும் நூல் என்றுதான் பெயர். நன்னூலின் பாயிரமே பஞ்சையும் நூற்பையும் சொல்லித்தான் நூலுக்கு விளக்கம் தருகிறது. டி.என்.ஏ.வைப் பற்றி எழுத வரும்போது இந்த ஒரு சொல் நமக்குப் பெரிய உதவி. இழையாகவும் ஏடாகவும் ஒரே நேரத்தில் இருப்பது அது. அதை ஏடாக மட்டும் பார்த்தே நாம் பழகிவிட்டோம். நான்கு எழுத்து, மூன்றெழுத்துச் சொற்கள், 2003-இல் படித்து முடிக்கப்பட்ட மனித மரபுத்தொகுதி என்று பள்ளிப் பாடத்திலிருந்து அதைத்தான் கேட்டுவந்திருக்கிறோம். அது ஓர் இழை என்பதும், இழையைச் சுற்றிவைக்கும் விதம் எந்தப் பக்கம் படிக்கப்படும் என்பதில் கை வைக்கிறது என்பதும் பின்னால்தான் மெல்லப் புரிந்தது. அந்தப் புரிதல் எங்கே உறுதியாக நிற்கிறது, எங்கே இன்னும் தள்ளாடுகிறது என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் அளவு. ஒரு மனிதச் செல்லில் உள்ள 46 குரோமோசோம்களின் டி.என்.ஏ.வையும் பிரித்து முனையோடு முனை வைத்தால் சுமார் 2 மீட்டர். அது அடங்கியிருக்கும் உட்கருவின் குறுக்களவு மில்லிமீட்டரில் சுமார் நூறில் ஒரு பங்கு. அந்த உட்கருவை ஓர் எலுமிச்சம்பழம் அளவுக்குப் பெரிதாக்குவோம். இழையும் அதே கணக்கில் நீண்டால் 8 கிலோமீட்டர் வரும். பொன்மலையில் ஒரு முனையைப் பிடித்தால் மறுமுனை காவிரிப் பாலத்தைத் தாண்டிவிடும். தடிமனோ தலைமுடியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. இத்தனை நீளமும் ஒரு எலுமிச்சம்பழத்துக்குள் சிக்கல் விழாமல் இருக்க வேண்டும். போதாததற்கு, வேண்டிய இடத்தை வேண்டிய நேரத்தில் பிரித்துப் படிக்கவும் முடிய வேண்டும்.

ஸ்ரீரங்கத்தில் பூக்கட்டி விற்கும் அம்மாக்கள் இதே வேலையைக் கையால் செய்கிறார்கள். தொடுத்த மல்லிகைச் சரத்தைப் பந்தாகச் சுருட்டி ஈரத்துணியில் மூடி வைப்பார்கள். இரண்டு முழம் கேட்டால் முனையை இழுத்து முழங்கையால் அளந்து நறுக்கித் தருவார்கள். பந்து கலையாது. செல்லில் இந்தச் சுருட்டலைச் செய்பவை ஹிஸ்டோன் என்னும் புரதங்கள். எட்டு ஹிஸ்டோன்கள் சேர்ந்து ஓர் உருளை. அதைச் சுற்றி டி.என்.ஏ. ஒன்றேமுக்காலுக்குச் சற்றுக் குறைவான சுற்று, அதாவது 147 கார இணைகள். கொஞ்ச தூரம் விட்டு அடுத்த உருளை. இந்த மணி ஒவ்வொன்றும் நியூக்ளியோசோம். ஒரு மனிதச் செல்லில் சுமார் 3 கோடி மணிகள் இருக்கும். டி.என்.ஏ.வுக்கு எதிர்மின்சுமை, ஹிஸ்டோனுக்கு நேர்மின்சுமை. ஒன்றை ஒன்று பற்றிக்கொள்ள இதுவே பெரிய காரணம்.

இந்த அறிவு வந்த வழி நீளமானது. செல்லுக்குள் சாயத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ளும் பொருளுக்குக் குரோமாட்டின் என்று வால்டர் ஃபிளெமிங் பெயர் வைத்தது 1880 வாக்கில். ஆல்பிரெக்ட் கோசெல் 1884-இல் ஹிஸ்டோனைப் பிரித்தெடுத்தார். அதுவும் கோழிக்கு உறவான பெருவாத்தின் சிவப்பணுக்களிலிருந்து. தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு வந்து சேர்ந்த 1928-ஆம் ஆண்டில், ஜெர்மனியில் எமில் ஹைட்ஸ் பாசிச் செடிகளின் செல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். செல் பிரிந்து முடிந்த பிறகும் குரோமோசோமின் சில பகுதிகள் மட்டும் தளராமல் கருப்பாகவே நிற்பதைக் கண்டு, அவற்றுக்கு ஹெட்டிரோகுரோமாட்டின் என்று பெயரிட்டார். அவை மரபு வேலையில் அடங்கிக் கிடக்கும் பகுதிகள் என்றும் ஊகித்தார். இறுகினால் ஊமையாகும் என்ற எண்ணத்தின் தொடக்கம் அங்கேதான். நியூக்ளியோசோம் என்ற மணியின் அமைப்பை ரோஜர் கோர்ன்பெர்க் முன்வைத்தது 1974-இல். அதன் அணுவளவுப் படம் கரோலின் லூகரும் டிமோதி ரிச்மண்டும் அடங்கிய குழுவால் 1997-இல் வந்தது.

இறுக்கமும் ஊமைத்தனமும் சேர்ந்தே காணப்படுகின்றன, சரி. ஆனால் இறுகியதால் ஊமையானதா, ஊமையானதால் இறுகியதா? ஆள் குடியிருக்காத வீட்டில் ஒட்டடை படியும். ஒட்டடைதான் ஆளைத் துரத்தியது என்று யாரும் சொல்லமாட்டோம். இந்தத் துறையின் உயிரான கேள்வி இதுதான் என்பது என் எண்ணம். இதைத் தாண்டிக் குதித்துவிட்டு எழுதப்படும் கட்டுரைகள் எத்தனை அழகாக இருந்தாலும் அரைகுறைதான்.

1976-இல் ஹரால்டு வெய்ன்ட்ராபும் மார்க் குரூடினும் செய்த சோதனையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மறுபடியும் கோழி ரத்தம்தான். கோழிக்கருவின் சிவப்பணுக்களிலிருந்து உட்கருக்களைப் பிரித்து, அவற்றின்மேல் டி.என்.ஏ.வை நறுக்கும் ஒரு நொதியைக் கொஞ்சமாக, கொஞ்ச நேரத்துக்கு மட்டும் விட்டார்கள். நொதிக்கு எழுத்துத் தெரியாது. கைக்கு எட்டியதை நறுக்கும், அவ்வளவுதான். மொத்த டி.என்.ஏ.வில் சிறு பங்கே நறுங்கியது. மிச்சத்தில் எந்த மரபணு இருக்கிறது, எது போய்விட்டது என்று தேடினார்கள். ஹீமோகுளோபினின் குளோபின் மரபணு பெரும்பாலும் போயிருந்தது. முட்டை வெள்ளைக்கருவுக்கான ஓவால்புமின் மரபணு அப்படியே இருந்தது. அதே கோழியின் வேறு திசுச் செல்களில் இதையே செய்தால் குளோபின் மரபணுவும் பத்திரமாக இருந்தது. எழுத்து எல்லாச் செல்லிலும் ஒன்றுதான். கை எட்டுவதில்தான் வேறுபாடு. சிவப்பணு எந்த மரபணுவைக் கொண்டு பிழைக்கிறதோ, அந்த இடத்தில் மட்டும் சுருள் தளர்ந்திருந்தது. எழுத்தைப் படிக்கவே தெரியாத ஒரு நொதி, எந்தச் செல் எதைப் படிக்கிறது என்பதைக் காட்டிக்கொடுத்துவிட்டது. இன்று உலகமெங்கும் ஆய்வகங்கள் தனித்தனிச் செல்லாக எடுத்து திறந்த இடங்களைக் கணக்கெடுக்கின்றன. கருவி மாறியிருக்கிறது. கருத்து அந்த 1976-ஆம் ஆண்டுச் சோதனையுடையதுதான்.

ஆனாலும் அது சேர்ந்திருப்பதைக் காட்டியதே ஒழிய, காரணம் எது என்று காட்டவில்லை. அதற்கான சான்று 1980-களின் பிற்பகுதியில் வந்தது. படியெடுக்கும் நொதியான ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் வந்து உட்கார வேண்டிய தொடக்க இடத்தை நியூக்ளியோசோமில் சுற்றிவிட்டால், சோதனைக் குழாயில் படியெடுத்தல் தொடங்குவதே இல்லை என்று கோர்ன்பெர்க் குழு 1987-இல் காட்டியது. மறுவருடம் மைக்கேல் குரூன்ஸ்டைனும் மின் ஹானும் உயிருள்ள ஈஸ்ட்டிலேயே இதைச் சோதித்தார்கள். ஹிஸ்டோன்களில் ஒன்றான ஹெச்4 புதிதாக உண்டாவதை நிறுத்தினார்கள். மணிகள் குறைந்தன. வெளியிலிருந்து எந்தத் தூண்டுதலும் வராமலேயே, அடங்கியிருந்த சில மரபணுக்கள் பேசத் தொடங்கின. சுற்றைக் குறைத்தால் வாய் திறக்கிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று அதுவரை இல்லை.

அப்படியானால் சுற்றைத் தளர்த்துவதும் இறுக்குவதும் யார்? வின்சென்ட் ஆல்ஃபிரி 1964-லேயே ஒரு குறிப்புக் கொடுத்திருந்தார். ஹிஸ்டோனில் அசிட்டைல் என்ற சிறு வேதிக்குழு ஒட்டினால் படியெடுத்தல் கூடுகிறது என்றார். ஹிஸ்டோன் வாலில் உள்ள லைசினின் நேர்மின்சுமையை அசிட்டைல் போக்கிவிடும். பிடி தளரும். பெரும்பாலோர் அதைப் பக்கக் குறிப்பாகவே எடுத்துக்கொண்டார்கள். முப்பத்திரண்டு ஆண்டு கழித்து, 1996-இல் டேவிட் அல்லிஸின் குழு அசிட்டைலை ஒட்டும் நொதி ஒன்றைப் பிடித்தது. பார்த்தால் அது ஈஸ்ட்டில் மரபணுக்களை முடுக்கிவிடும் புரதம் என்று முன்பே தெரிந்திருந்த ஜிசிஎன்5-இன் உறவு. அதே ஆண்டில் ஸ்டூவர்ட் ஷ்ரைபரின் குழு, அசிட்டைலை நீக்கும் நொதியைப் பிடித்தது. அதுவோ மரபணுக்களை அடக்கும் புரதத்தின் உறவு. முடுக்குபவன் ஒட்டுகிறான், அடக்குபவன் நீக்குகிறான். ஓராண்டில் துறையே திரும்பிப் பார்த்தது.

அதன் பின்னால் குறிகளின் வெள்ளம். அசிட்டைல், மெத்தில், பாஸ்பேட் என்று ஹிஸ்டோன் வால்களில் ஒட்டும் குறிகள் நூற்றுக்கு மேல். ஹெச்3 ஹிஸ்டோனின் 9-ஆம் லைசினில் மெத்தில் ஏறினால் ஹெச்பி1 என்ற புரதம் வந்து ஒட்டிச் சுருளை இறுக்குகிறது. 27-ஆம் லைசினில் ஏறினால் பாலிகோம் என்னும் வேறொரு புரதக் கூட்டம் வருகிறது. 4-ஆம் லைசினில் ஏறினால் அது பேசும் மரபணுவின் வாசல். இவை எல்லாம் சேர்ந்து ஒரு குறிமொழி, டி.என்.ஏ. எழுத்துக்கு மேல் இன்னொரு எழுத்து என்ற கருத்து 2000 வாக்கில் பெரிதாகப் பரவியது. எனக்கு அந்தப் பெயரில் தயக்கம் உண்டு. மொழி என்றால் ஒரு சொல்லுக்கு ஒரு பொருளாவது நிலையாக இருக்க வேண்டும். ஈஸ்ட்டில் 4-ஆம் லைசின் மெத்திலை முழுக்க நீக்கிப் பார்த்தபோது பெரும்பாலான மரபணுக்கள் பெரிதாகக் கலங்கவில்லை. பல குறிகள் படியெடுக்கும் நொதி கடந்துபோன தடங்களாகவே இருக்கின்றன. சைக்கிள் போன மண்ணில் டயர் தடம் இருக்கும். தடத்தைப் படிக்கலாம், தடத்தால் சைக்கிள் ஓடாது.

எல்லாக் குறிகளும் தடம்தானா என்றால் அதுவும் இல்லை. 2013-இல் பழ ஈயை வைத்து நடந்த ஒரு சோதனை இதைத் தெளிவாக்கியது. ஹெச்3-இன் 27-ஆம் லைசினை மட்டும் மெத்தில் ஏற முடியாத வேறொரு அமினோ அமிலமாக மாற்றினார்கள். குறியிடும் நொதியைத் தொடவே இல்லை. அந்த நொதியையே இழந்த செல்களில் எப்படி அடங்கியிருக்க வேண்டிய மரபணுக்கள் அவிழ்ந்துகொள்கின்றனவோ, அதேபோல இங்கேயும் அவிழ்ந்தன. அந்த ஒரு இடத்துக் குறிதான் பூட்டு என்பது நிலைநின்றது. அதற்கு முந்தைய ஆண்டு, 2012-இல், குழந்தைகளின் மூளைத்தண்டில் வரும் ஒரு கொடிய புற்றுக்கட்டியில் இதே 27-ஆம் லைசின் மெத்தியோனினாக மாறியிருப்பதை இரு குழுக்கள் கண்டுபிடித்திருந்தன. ஒரு குழந்தையின் உயிர் ஹிஸ்டோன் வாலின் ஓர் எழுத்தில் தொங்குகிறது. இதைப் படித்த அன்று இரவு எனக்கு நெடுநேரம் தூக்கம் வரவில்லை.

பூட்டு எங்கே விழ வேண்டும், எங்கே திறக்க வேண்டும் என்று ஹிஸ்டோனுக்குத் தெரியாது. எழுத்தைப் படிக்கத் தெரிந்த வேறு புரதங்கள் அதைச் சொல்கின்றன. இந்த இடத்தில் நம் பக்கத்து விஞ்ஞானி ஒருவர் வருகிறார்.

சிதம்பரத்தில் 1952-இல் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் என்றால் ரைபோசோமும் 2009 நோபல் பரிசும்தான் எல்லோர் நினைவுக்கும் வரும். அதற்கு முன்பு அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் அவர் குரோமாட்டினோடு பல ஆண்டு மல்லுக்கட்டினார். சந்தைக் கோழியின் சிவப்பணுவை அத்தனை இறுக்கும் ஹிஸ்டோனுக்கு ஹெச்5 என்று பெயர். மணியின் மேல், டி.என்.ஏ. உள்ளே நுழைந்து வெளியேறும் இடத்தில் போய் உட்கார்ந்து பூமாலையின் கடைசி முடிச்சைப் போல இறுக்கும். அதன் நடுப்பகுதியின் படிக வடிவத்தை அவரும் ஜான் ஃபின்ச் உள்ளிட்ட கூட்டாளிகளும் 1993-இல் வெளியிட்டார்கள். மூன்று சுருள்கள், பக்கத்தில் சிறகு போல ஒரு மடிப்பு.

அதே ஆண்டில் ஸ்டீபன் பர்லியின் குழு இன்னொரு புரதத்தின் வடிவத்தை வெளியிட்டது. ஈரல் செல்லில் மரபணுக்களைத் தொடங்கிவைக்கும் புரதம் அது, இன்று ஃபாக்ஸ்ஏ என்று அழைக்கிறோம். டி.என்.ஏ.வைப் பிடித்தபடி இருந்த அதன் வடிவம் ஹெச்5-ஐ அப்படியே ஒத்திருந்தது. அதே மூன்று சுருள், அதே சிறகு. ஒன்று சுருளை இறுக்கும் புரதம், மற்றது மரபணுவை எழுப்பும் புரதம். இந்த ஒப்புமை வெறும் விந்தையாக நின்றுவிடவில்லை. கென்னத் சாரெட்டின் ஆய்வகம் 2002-இல் மணிகளைச் சரமாகக் கோர்த்து, ஹெச்5-ஐப் போன்ற ஹெச்1 ஹிஸ்டோனால் இறுக்கி, அதன் மேல் ஃபாக்ஸ்ஏ-வை விட்டது. ஆற்றல் செலவழித்து மணிகளை நகர்த்தும் பெரிய இயந்திரப் புரதங்கள் எதுவும் இல்லாமலே, இறுகிய சரத்தில் தன் எழுத்தைக் கண்டுபிடித்து ஃபாக்ஸ்ஏ அந்த இடத்தைத் தளர்த்தியது. பூட்டின் உருவத்திலேயே சாவி இருந்ததால்தான் அது பூட்டுக்குள் போக முடிந்தது என்று ஊகிக்கிறார்கள். இப்படி இறுகிய இடத்திலும் முதலில் நுழையும் புரதங்களுக்கு முன்னோடிக் காரணிகள் என்று பெயர். இந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதைவிட, சுருளும் படியெடுத்தலும் எப்படிப் பிணைந்திருக்கின்றன என்பதை விளக்க நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ராமகிருஷ்ணன் பிறகும் ஒருமுறை இந்தப் பக்கம் வந்தார். அசிட்டைலை ஒட்டும் ஹாட்1 நொதியின் வடிவத்தை 1998-இல் அவர் குழு தீர்த்துவைத்தது.

இந்தியாவுக்குள்ளேயே நடந்த இன்னொரு கதைக்கு, பொன்மலை ரயில்வே குடியிருப்பின் வாசல்களில் நிற்கும் செம்பருத்தியிடம் போக வேண்டும். கொழுந்தைத் திருப்பினால் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியது போல மாவுப்பூச்சி இருக்கும். செடி வளர்ப்பவர்களுக்கு அது தொல்லை. குரோமாட்டின் படிப்பவர்களுக்கு அதைவிட அரிய உயிர் வேறில்லை. ஆண் மாவுப்பூச்சியின் கரு உருவாகிச் சில செல்பிரிவுகளுக்குள், தந்தையிடமிருந்து வந்த குரோமோசோம்கள் அத்தனையும், ஒன்று இரண்டல்ல, ஒரு முழுத் தொகுதியும் இறுகிக் கருப்பாகிவிடும். மகனுக்குள் தந்தையின் நூல் முழுவதும் இருக்கும், ஆனால் பேசாது. மகளுக்குள் அதே தந்தையின் நூல் தளர்வாக, தாயின் நூலோடு சேர்ந்து பேசும். அமெரிக்காவில் ஸ்பென்சர் பிரவுனும் வால்டர் நெல்சன்-ரீஸும் 1961-இல் தந்தைப் பூச்சிகளுக்கு எக்ஸ்-கதிர் பாய்ச்சிப் பார்த்தார்கள். சிதைந்த குரோமோசோம்களைப் பெற்ற மகள்கள் செத்தன. அதே சிதைவைப் பெற்ற மகன்களோ பிழைத்தன. படிக்கவே படாத ஏட்டைக் கிழித்தால் என்ன நஷ்டம்?

பிரவுனோடு பணியாற்றி, பிறகு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்த ஹெச். சரத் சந்திரா இந்தப் பூச்சியை விடவே இல்லை. தந்தையிடமிருந்து வந்தது, தாயிடமிருந்து வந்தது என்ற முத்திரை குரோமோசோமின் மேல் எப்படி விழுகிறது என்பதும், பாலூட்டிகளின் எக்ஸ் குரோமோசோம் அடங்குவதற்கும் இதற்கும் உள்ள உறவும் அவரும் பிரவுனும் 1975-இல் எழுதிய கட்டுரையின் பொருள். 1996-இல் அவரும் வாணி பிரம்மசாரியும் அடங்கிய குழு, ஆண் மாவுப்பூச்சியில் மட்டும் நொதிக்கு மசியாத குரோமாட்டின் பகுதி ஒன்று இருப்பதைக் காட்டியது. வெய்ன்ட்ராபின் கத்தரிக்கோல் கோழியில் திறந்த இடத்தைக் காட்டியது என்றால், அதே வகைக் கத்தரிக்கோல் இங்கே மூடிய இடத்தைக் காட்டியது. தெருவில் திரியும் முக்கலர்ப் பூனையும் இந்தக் கதையின் உறவுதான். கருப்பும் செம்பட்டையும் திட்டுத்திட்டாக இருப்பது, ஒவ்வொரு திட்டிலும் இரண்டு எக்ஸில் ஒன்று சுருண்டு அடங்கியதால். மேரி லயன் 1961-இல் எலியின் மயிர்நிறத்தை வைத்து இந்த விளக்கத்தைத் தந்தார். அந்தப் பூனை ஏறக்குறைய எப்போதும் பெட்டையாகவே இருப்பதற்கும் காரணம், இரண்டு எக்ஸ் வேண்டும் என்பதே.

மணியும் குறியும் தாண்டி இன்னொரு மட்டம் இருக்கிறது. இழை பெரிய வளையங்களாக மடிகிறது. மணிகள் 30 நானோமீட்டர்த் தடிமனில் ஒழுங்கான கயிறாக முறுக்கிக்கொள்ளும் என்று பாடநூல்களில் படம் போட்டிருப்பார்கள். உயிருள்ள செல்லை அப்படியே நிலைநிறுத்தி 2017-இல் எடுத்த மின்னணு நுண்ணோக்கிப் படங்களில் அந்தக் கயிறு தென்படவில்லை. 5 முதல் 24 நானோமீட்டர் வரை ஒழுங்கில்லாத சரங்கள் சில இடத்தில் அடர்த்தியாக, சில இடத்தில் தளர்வாகக் கிடந்தன. பாடநூல் படம் மாற வேண்டும். ஆனால் பெரிய வளையங்கள் உண்மை. இழையில் வெகுதூரத்தில் இருக்கும் இரண்டு இடங்கள் மடிப்பால் அருகருகே வருவதை 2009 முதல் வந்த முறைகள் மரபுத்தொகுதி முழுக்க வரைந்து காட்டின. அந்த அருகாமையால் என்ன பயன் என்பதற்கு நல்ல சான்று மறுபடியும் ஹீமோகுளோபினில்தான் கிடைத்தது.

குளோபின் மரபணுக்களுக்கு முன்னால் வெகுதூரம் தள்ளி ஒரு கட்டுப்பாட்டுப் பகுதி இருக்கிறது. குழந்தை வயிற்றில் இருக்கும்போது அது காமா குளோபின் மரபணுவோடு வளைந்து சேர்கிறது. பிறந்த பிறகு பீட்டா குளோபினோடு சேர்கிறது. கெர்ட் பிளோபெல் குழு 2014-இல் முதிர்ந்தவர்களின் ரத்தச் செல்களில் அந்த வளைவை வலுக்கட்டாயமாகக் காமாவின் பக்கம் திருப்பியது. எழுத்தில் எந்த மாற்றமும் செய்யாமலே, பிறந்தபின் அடங்கிப்போன காமா மறுபடி பேசியது.

இங்கே நீலகிரிக்குப் போயாக வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும் பல்சக்கர ரயிலுக்கு நீராவி இன்ஜின்களைச் செய்துகொடுத்தது பொன்மலைப் பணிமனை. அந்த மலைகளில் 1952-இல் ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் பழங்குடி மக்களின் ரத்தத்தைச் சோதித்து, இந்தியாவில் அரிவாள் செல் பண்பு இருப்பதை முதன்முதலில் பதிவு செய்தார்கள். பீட்டா குளோபின் மரபணுவில் ஓர் எழுத்து மாறியதால் வருவது அது. இரு பெற்றோரிடமிருந்தும் அந்த எழுத்தைப் பெற்ற குழந்தைக்குச் சிவப்பணு அரிவாளாக வளைந்து, ரத்தக்குழாய் அடைபட்டு, எலும்புக்குள் பிடுங்கும் வலி வரும். ஆனால் பிறந்த உடனே வருவதில்லை. ஐந்தாறு மாதம் குழந்தை நன்றாகவே இருக்கும். அதுவரை உடலில் இருப்பது காமா கொண்ட கரு ஹீமோகுளோபின். அந்த மரபணுவில் குறை எதுவும் இல்லை. காமா மெல்ல மெல்லச் சுருண்டு அடங்க, குறையுள்ள பீட்டா அந்த இடத்தைப் பிடிக்கும்போதுதான் வலி தொடங்கும். இந்தியாவில் பரவலாக உள்ள அரிவாள் செல் வகையில் கரு ஹீமோகுளோபின் கொஞ்சம் கூடுதலாகத் தங்குகிறது. நோயின் கடுமை சிலருக்குக் குறைவாக இருப்பதற்கு அது ஒரு காரணம்.

காமாவை அடக்குவதில் பெரிய பங்கு பிசிஎல்11ஏ என்ற புரதத்துக்கு. காமாவின் வாசலில் தன் எழுத்தைக் கண்டு உட்கார்ந்து, அசிட்டைலை நீக்கும் நொதிகள் கொண்ட புரதக் கூட்டத்தை அங்கே அழைத்துவருகிறது. இதுவரை சொன்ன எல்லாமே, எழுத்தைப் படிக்கும் புரதமும் குறியை நீக்கும் நொதியும் வளையமும், இந்த ஒரு மரபணுவின் வாசலில் ஒன்றுகூடுகின்றன. நோயாளியின் எலும்பு மஜ்ஜைச் செல்களில் பிசிஎல்11ஏ சிவப்பணு வரிசைச் செல்களில் உருவாகத் தேவையான ஒரு கட்டுப்பாட்டுப் பகுதியைக் கிரிஸ்பர் முறையில் வெட்டும் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதி தந்தன. காமா மறுபடி திறக்கிறது, வலி நெருக்கடிகள் பெரும்பாலானவர்களுக்கு நிற்கின்றன. அமெரிக்காவில் விலை ஒருவருக்கு 22 லட்சம் டாலர். அதற்கு முன்னால் கடும் மருந்தால் மஜ்ஜையைக் காலி செய்ய வேண்டும். கூடலூர்ப் பக்கத்து ஒரு பணியர் பழங்குடிக் குடும்பத்துக்கு அந்தக் கதவு எப்படித் திறக்கும்?

மாத்திரையில் இது நடக்குமா என்பதுதான் அடுத்த கேள்வி. சுருளை மருந்தால் தொட முடியும் என்பது புதிதில்லை. வலிப்புக்குத் தரப்படும் வால்புரோயேட் திருச்சியின் எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும். அது அசிட்டைல் நீக்கும் நொதியையும் தடுக்கிறது என்று 2001-இல் தெரிந்தது. கருவுற்ற பெண் அதை எடுத்தால் குழந்தையின் முதுகுத்தண்டுக்கு வரும் ஆபத்தில் இதற்கும் பங்கு இருக்கலாம் என்று கருதப்படுகிறது. (யாரும் தானாக அதை நிறுத்தக் கூடாது. மருத்துவரிடம் கேட்டே மாற்ற வேண்டும்.) பெங்களூரில் தபஸ் குண்டுவின் குழு 2003-இல் முந்திரி ஓட்டு எண்ணெயின் அனகார்டிக் அமிலமும், 2004-இல் மஞ்சளின் குர்குமினும் அசிட்டைல் ஒட்டும் பி300 நொதியைத் தடுக்கின்றன என்று காட்டியது. நல்ல ஆய்வு. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு, சாம்பாரில் போடும் மஞ்சள் மரபணுவைத் திருத்தும் என்று எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. குர்குமின் குடலில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை. சோதனைக் குழாயில் அது கண்டதோடெல்லாம் ஒட்டும் பொருள் என்பதும் வேதியியலார் அறிந்தது. உடல்நலம் கெட்டவர் கையில் கிடைத்த காசை இந்தப் பேச்சுக்குக் கொடுத்துவிடக் கூடாது.

அரிவாள் செல்லுக்கு இப்போது நம் கையில் இருப்பது ஹைட்ராக்ஸியூரியா. பழைய மாத்திரை, விலை குறைவு, பலருக்குக் கரு ஹீமோகுளோபினை ஓரளவு ஏற்றுகிறது. 2047-க்குள் நோயை ஒழிப்பது என்ற இலக்கோடு மத்திய அரசு 2023 ஜூலையில் தொடங்கிய இயக்கம் இளவயதினரைப் பரிசோதித்துப் பண்பு உள்ளவர்களைக் கண்டறிய முயல்கிறது. சுருளை நேராகத் தொடும் மாத்திரைக்கான வேலையும் நடக்கிறது. விஸ் என்ற புரதம், ஹெச்3-இன் 9-ஆம் லைசினில் மெத்தில் ஏற்றும் நொதிகளோடு சேர்ந்து காமாவை அடக்குவதில் கைகொடுக்கிறது. 1928-இல் ஹைட்ஸ் பார்த்த கருப்புப் பகுதிகளில் நிறைந்திருப்பதும் அதே 9-ஆம் லைசின் குறிதான். விஸ் புரதத்தைச் செல்லே அரைத்துப் போடும்படி செய்யும் ஒரு சிறு மூலக்கூறை 2024-இல் நோவார்டிஸ் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். மனித ரத்தச் செல்களைத் தாங்கிய எலிகளிலும் பிறகு குரங்குகளிலும் அதைக் கொடுத்தபோது கரு ஹீமோகுளோபின் ஏறியது. மஜ்ஜையைக் காலி செய்யவில்லை, எழுத்தை வெட்டவில்லை. பிறந்த ஐந்தாறு மாதத்தில் மூடிப்போன ஒரு சுருளின் முனையை வெளியிலிருந்து இழுத்துப் பார்த்தார்கள், வந்தது.